நாலு மார்க் வலி

அந்தத் துணி ஆலையில் சோதனை மேஜை முன்னால் பதினெட்டு வருஷமாக நிற்கிறவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். யார் வைத்தது என்று கேட்டால் தறிக்காரர்கள் ஆளுக்கொருவரைக் கை காட்டுவார்கள். வைத்தவர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அவர் நெய்கிற துணியும் அவள் மேஜைக்குத்தானே வந்தாக வேண்டும்.

அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தால் விட்டுப்போன இழை தானாக ஓடிவந்து சேர்ந்துகொள்ளும் என்பார்கள். ஒரு தடவை விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்தபடியே மூக்கைச் சுளித்தாளாம். மறுநாள் போய்ப் பார்த்தால் ஏழாம் தறியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்ததாம். ஈக்கள்கூட அவள் மேஜையில் உட்கார யோசிக்கும், கால் அழுக்கைக் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயத்தில். இதில் பாதி கலப்படமில்லாத பொய். மீதிப் பாதியில்தான் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது.

வேலை இதுதான். சாய்வாக ஒரு கண்ணாடிப் பலகை, அதற்குக் கீழே குழல் விளக்கு. துணி மேலிருந்து கீழாக அதன்மேல் வழிந்து ஓடும். அவள் குனிந்து நின்று பார்ப்பாள். முடிச்சு, கறை, விட்ட இழை, எது வந்தாலும் காலால் கட்டையை மிதித்து ஓட்டத்தை நிறுத்தி, சாக்பீஸால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு மார்க் எழுத வேண்டும். ஒன்றிலிருந்து பத்து வரை. குறை பெரிசாகப் பெரிசாக மார்க்கும் ஏறும். ஒன்று என்றால் சின்ன முடிச்சு, கிள்ளிவிடலாம். நாலு என்றால் பார்த்தவுடன் கண்ணில் படுகிற குறை, ஆனாலும் துணி ஓடும். ஆறு என்றால் அந்த ஒரு மீட்டரை வெட்டி எடுக்கணும். ஏழு போட்டால் தறி நிற்கும். தறி நின்றால் தறிக்காரர் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பத்து என்றால் முழு ரோலையும் தரை துடைக்கக் கொடுத்துவிடலாம் என்று அர்த்தம். ஒரு மனிதர் வீட்டுக்குப் போவதைப் பார்க்கப் பிடிக்காமல் ஏழு என்ற எண்ணை எழுதுவதற்கு அவளுக்குக் கை கூசும். பதினெட்டு வருஷத்தில் நாலைந்து தடவை எழுதியிருப்பாள். பத்து எழுதியதே கிடையாது. ஒன்றும் பிடிக்காத மாமியார் மாதிரி எடுத்ததற்கெல்லாம் எட்டு ஒன்பது என்று வாரி வழங்குகிற சோதனைக்காரிகளைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

இடுப்பு வலி வந்தது பத்தாவது வருஷத்தில். முதலில் இடுப்பின் இடது பக்கம் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. அப்புறம் அது விரலை எடுக்கவில்லை. மெல்லத் தொடைக்கு இறங்கி, காலின் பின்பக்கத்தில் பழுக்கக் காய்ச்சின கம்பி ஒன்றைச் செருகிவிட்டு, கட்டைவிரல் நுனிவரை போய் அங்கேயே வீடு கட்டிக் குடியேறியது. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். வயசுக்குத் தகுந்த தேய்மானம், வேறொன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாதது இப்படி வலிக்குமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டரம்மா நல்ல பெண்தான். வெளியே நாற்பது பேர் காத்திருந்ததால் முகத்தைப் பார்க்க நேரமில்லாத நல்ல பெண். உள்ளே போனதும் முதல் கேள்வி, வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை சொல்லுவீர்கள் என்பது. அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. இதற்குப் பதில் சொல்லத் தன்னைவிடத் தகுந்த ஆள் ஊரிலேயே கிடையாது என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட. எழுந்து நிற்கிறேன், நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். குறை கண்ணில் படுகிறது, துணி ஓடுகிறது. ஆக, நாலு.

டாக்டரம்மா அட்டையில் நாலு என்று எழுதி, லேசான மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அடுத்த மாதமும் நாலு. ஒரு மழை மாதத்தில், பஸ்ஸில் இருந்து இறங்க முடியாமல் கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்ட மாதத்தில், கொஞ்சம் தாராளமாக நாலரை என்றாள். அரையெல்லாம் கிடையாது என்று சொல்லி டாக்டரம்மா மறுபடியும் நாலே எழுதினாள். எட்டு வருஷம் இப்படியே போனது. டாக்டரம்மா மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது, சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகத்தில் முடிகிற பத்து உருண்டைகள். அதைக் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்ட ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் அவளுடைய கண் வேறொரு வேலை பழகிக்கொண்டது. அது உள்பக்கம் திரும்பிவிட்டது. காலையில் கண் விழித்ததும் எழுவதற்கு முன்னால் உடம்பைத் தலையிலிருந்து ஓட்டிப் பார்ப்பாள். கழுத்து சரி, தோள் சரி, இடுப்பு, இதோ இருக்கிறது, தொடை, இதோ இருக்கிறது, நேற்றைவிட இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கிறது. பார்க்கப் பார்க்கத் துல்லியமாகத் தெரிந்தது. துல்லியமாகத் தெரியத் தெரிய அதிகமாக வலித்தது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் ஒருத்தி, வலியையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், மனசை வேறே எங்கேயாவது திருப்புங்கள் என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருத்தியிடம் பார்க்காதே என்றால் அவள் எங்கே போவாள்? திருப்பித்தான் பார்த்தாள். திருப்பின இடத்திலும் வலிதான் முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

வாழ்க்கை ஒரு முழத்துணியாகச் சுருங்கியது. தங்கை வீடு நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. போவதை நிறுத்தினாள். காரணம் சொல்லவில்லை. அக்காவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று தங்கை ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சிரித்தால் இடுப்பில் இடித்தது. அதனால் சிரிப்பைச் சில்லறையாக மாற்றி மூக்கு வழியாக மட்டும் விட்டாள். எந்தக் கடையில் வரிசை நீளம், எந்த வரிசையில் சாய்ந்துகொள்ளச் சுவர் உண்டு என்று ஒரு வரைபடமே மனசுக்குள் இருந்தது. அந்த வரைபடத்தில் இல்லாத இடங்களுக்குப் போவதே இல்லை. வரைபடமோ வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

வீட்டில் இருந்தது புருஷன் ஒருவர்தான். லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் கம்பி உரசினால் கீழே டீ குடித்துக்கொண்டே எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடுவார், அவ்வளவு கூர்மையான காது. நல்ல மனுஷர், சாது. ஆனால் அவருடைய அம்மா அவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் பதினோரு வருஷம் கட்டிலில் கிடந்து முனகியவர். அந்த முனகல் கேட்காத இடமாகப் பார்த்துப் பள்ளிப் பாடம் படித்தேன், அப்படி ஒரு இடம் கிடைக்கவே இல்லை, அதனால்தான் படிப்பு ஏறவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன்கிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சதே நீ முனகாத ஆளுங்கிறதுதான் என்றார். வேறு பெண்ணாக இருந்தால் கண்ணழகு, கூந்தலழகு என்று ஏதாவது கேட்டு வாங்கியிருப்பாள். இவள் அதையே வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆகையால் அவருக்குக் கேட்கக் கூடாது. அதற்கு அவள் கண்டுபிடித்த உபாயங்களைத் தனிப் புத்தகமாகப் போடலாம். காலையில் அவர் விழிக்கும் முன்பே எழுந்துவிடுவாள், பகலில் படுத்து எழ வேண்டியிருந்தால் அவரைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். குனிய வேண்டிய வேலையெல்லாம் அவர் குளிக்கும் நேரத்தில். தாங்கவே முடியாமல் போனால் சமையலறைக்குப் போய் வெறும் மிக்ஸியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வாயைத் திறந்து முழுசாக முனகிவிட்டு வருவாள். கூர்மைக் காது படைத்த மனுஷருக்கு மிக்ஸி வெறுமையாக ஓடுவது தெரிந்துவிட்டது. என்ன ஆயிற்று தெரியுமா? மிக்ஸியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துப் போட்டு, எண்ணெய் விட்டு, சத்தமே வராமல் ஓடுகிற மாதிரி செய்துவிட்டார். பெருமையோடு ஓட்டிக் காட்டினார். அவள் நன்றாக இருக்கிறது என்றாள். அன்றையிலிருந்து அந்த இடமும் போயிற்று.

ஆலையில் கைக்குட்டை மேஜை என்று ஒன்று உண்டு. சின்னத் துண்டுகளை உட்கார்ந்தபடி பார்க்கிற மேஜை. முதுகு வைத்த நாற்காலி, காலுக்கு ஒரு பலகை. மொத்தத் தளத்திலும் உட்காரும் இடம் அது ஒன்றுதான். அங்கே இருந்த அம்மா மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி வேலையை விட்டார். அந்த நாற்காலி காலியாகிற செய்தி கேட்டதும் இவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேட்ட மாதிரி. நிற்கிற மேஜையில் இன்னும் ஒரு வருஷம்கூடத் தள்ள முடியாது என்று அவளுக்குத் தெரியும். அந்த நாற்காலி கிடைத்தால் வேலை உண்டு, கிடைக்காவிட்டால் வீடு, கட்டில். கட்டில் என்று நினைத்தாலே மாமியாரின் முனகல், ஒருநாளும் நேரில் கேட்டிராத அந்த முனகல், தன் தொண்டையில் இருந்து வருகிற மாதிரி இருக்கும்.

சூப்பர்வைசர் அவளை மதிக்கிறவர். மாத முடிவுக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து நிற்க முடியாது என்று ஒரு சீட்டு வாங்கி வரச் சொன்னார். சீட்டு இல்லாமல் கொடுத்தால் மற்றவர்கள் தன்னை உரித்து உப்பு தடவிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

டாக்டரம்மா அட்டையைப் புரட்டினாள். நாலு, நாலு, நாலு. இதற்கு நிற்க முடியாது என்று எழுத முடியாதும்மா, நடந்தால்தான் நல்லது என்றாள்.

அன்று மதியம் பக்கத்து மேஜைக்காரி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, ஆஸ்பத்திரியில் என்ன மார்க் சொன்னாய் என்று கேட்டாள். இவள் சொன்னாள். கேட்டவளுக்குச் சாப்பாடு புரையேறியது.

"நாலா? அக்கா, நான் பல்வலிக்கே எட்டு சொன்னேன்."

அங்கே பத்து என்றால் இதற்குமேல் தாங்க முடியாது என்று அர்த்தம், ஏழு என்றால் வேறு எதையும் நினைக்க முடியாது என்று அர்த்தம், சுவரில் படமே போட்டிருக்கிறதே என்று பக்கத்து மேஜைக்காரி விளக்கினாள். அங்கே யாரும் தறியை நிறுத்திவிட மாட்டார்கள், யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள் என்றாள். பூதக்கண்ணாடி கையில் எடுத்த சோற்று உருண்டையை வாயில் போடாமலே உட்கார்ந்திருந்தாள். எட்டு வருஷமாகச் சுவரில் பார்த்த பத்து முகங்களும் வரிசையாக வந்தன. எண்ணிப் பார்த்தாள். தன்னுடையது எட்டாவது.

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுத் திரும்பவும் போனாள். எட்டு என்றாள். டாக்டரம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் நாலு. நேத்து சீட்டு கேட்டீங்க, இன்னிக்கு எட்டு. நடுவுல என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல டாக்டர். அதே வலிதான்."

"எட்டுன்னா இப்படி நடந்து வந்து நிக்க முடியாதே."

"நாலு சொன்னப்பவும் இப்படித்தான் நடந்து வந்தேன்."

துணிக்கு மார்க் போடுகிற கதையை அவள் சொல்லிப் பார்த்தாள். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். பாதிக் கதையிலேயே டாக்டரம்மா பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. தினமும் இப்படிப் பத்து பேர் வருவதாகவும், யாரை நம்புவது என்று தனக்கும் தெரியவில்லை என்றும் உண்மையாகவே அலுத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு வழி சொன்னாள். வீட்டிலிருந்து கூட இருக்கிறவர் யாராவது வரட்டும், வீட்டில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் சொல்லட்டும், அதை வைத்து எழுதுகிறேன்.

இங்கேதான் பூதக்கண்ணாடி தப்பு செய்தாள். அவளைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டாத தப்பு. புருஷனிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை. சொல்ல மூன்று காலை முயற்சி செய்தாள். ஒருநாள் அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார், ஒருநாள் சட்டைப் பித்தானைத் தேடிக்கொண்டிருந்தார், மூன்றாம் நாள் சும்மாதான் இருந்தார், அன்றைக்கு இவளுக்கு வாய் வரவில்லை. அப்புறம் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். நான் என்னதான் மறைத்தாலும் எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனுஷர். பார்த்திருக்க மாட்டாரா? ஒரு தடவை சுவரைப் பிடித்தது, ஒரு தடவை படியில் நின்றது, பாதி பார்த்திருந்தாலும் போதுமே. ஒரு மைல் நீளத் துணியில் ஒற்றை இழை விட்டதைப் பார்க்கிறவளுக்கு, மற்றவர்கள் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை என்பது தெரியவே தெரியாது.

டாக்டர் உங்களிடம் ஏதோ கேட்கணுமாம் என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைப் பற்றி விசாரிக்கக் கூப்பிட்ட தகப்பன் மாதிரி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

வீட்டில் உங்க மனைவி எப்படி இருக்காங்க, வலியால ரொம்பக் கஷ்டப்படறாங்களா என்று டாக்டரம்மா கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. மனைவியைப் பற்றிப் பெருமை பேச இப்படி ஒரு சபை வாய்க்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"இவளா டாக்டர்? இரும்பு. காலையில எனக்கு முன்னால எழுந்துடுவா. எல்லா வேலையும் அவதான். இடுப்பு கொஞ்சம் வலிக்குதுன்னு எப்பவாவது சொல்லுவா, அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல ஒருநாள் ஒரு சத்தம் கேட்டதில்ல நான். எங்க அம்மாவைப் பார்த்தவன் சொல்றேன், இந்த மாதிரி ஆள் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

டாக்டரம்மா இவளைப் பார்த்தாள். இவள் வாயைத் திறந்தாள். திறந்தால் வெளியே வரவேண்டியது எட்டு வருஷப் பொய். பக்கத்தில் அவர் இன்னும் புன்னகையோடுதான் இருந்தார், சொன்னது சரியாக வந்ததா என்று பார்க்கிறவர் மாதிரி. அவள் பார்வை அவர் சட்டைக் காலரில் போய் நின்றது. தையல் ஒரு இடத்தில் நூல் பிரிந்திருந்தது. ஒன்று, அதிகம் போனால் இரண்டு மார்க். வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா எழுதினாள். வழக்கமான வேலையைத் தொடரலாம்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. அவர் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். எதற்காக இந்த விசாரணை என்று கேட்டார். அவள் கைக்குட்டை மேஜையைச் சொன்னாள், முதுகு வைத்த நாற்காலியைச் சொன்னாள், மாத முடிவைச் சொன்னாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நான் பொய் சொல்லியிருப்பேனே."

அவருக்கு உண்மையாகவே வருத்தம். மனைவிக்காக ஒரு பொய் சொல்ல வாய்ப்பு வந்து, அதைக் கோட்டை விட்டுவிட்டோமே என்ற வருத்தம். திரும்பப் போய்ச் சொல்லட்டுமா என்றார். படுத்த படுக்கை என்று சொல்கிறேன், அழுது காட்டுகிறேன், எனக்கு நன்றாக வரும் என்றார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஒரு இடம் காலியாக இருந்தது. நீ உட்காரு என்று அவர் சொல்வதற்குள் ஒரு பெரியவர் ஏறினார். அவருக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, வழக்கமான மரியாதையோடு இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கைக்குட்டை மேஜைக்குச் சாயப் பிரிவிலிருந்து ஒருத்தி வந்தாள். கால் வீக்கம், ஒழுங்கான சீட்டு. நல்ல பெண்தான், நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் இவளைப் பார்த்துச் சங்கடமாகச் சிரிப்பாள். இவளும் மூக்கால் சிரித்து வைப்பாள். ஆனால் இவள் கண் பழைய கண் இல்லை. துணி கண்ணாடிமேல் ஓடும், அவள் தன் காலுக்குள் ஓடுகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு ரோல்கள் கறையோடு வெளியே போய்த் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் அவற்றைப் பிரித்துப் பார்த்து ஓரமாக அடுக்கி வைத்தார். வருஷ முடிவில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரிடமோ அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புருஷன் அவள் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பஸ் நிறுத்தத்தில் அவள் முகம் போன போக்கு அன்றையிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

"நிஜமாவே ரொம்ப வலிக்குதா உனக்கு? எங்கிட்ட மறைக்காதே."

எட்டு வருஷம் காத்திருந்த கேள்வி. சொல்ல ஆரம்பித்தாள். முதல் நாளிலிருந்து, கட்டைவிரல் வைத்து அழுத்தினதிலிருந்து சொன்னாள். காலைகளைச் சொன்னாள். கட்டிலிலிருந்து எழ எத்தனை தடவை முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது என்று சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவள் கண் சும்மா இருக்குமா? அவர் தாடை மெல்ல இறுகுவதைப் பார்த்தது. கழுத்து நரம்பு ஒன்று புடைத்துத் துடிப்பதைப் பார்த்தது. முழங்காலில் வைத்திருந்த இரண்டு கைகளும் மெதுவாக, அவருக்கே தெரியாமல், காதுப் பக்கமாக உயர்ந்து பாதி வழியில் நிற்பதைப் பார்த்தது. இன்னும் இரண்டு வாக்கியம், அதற்குமேல் இந்த மனுஷர் கிழிந்துவிடுவார் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஆனா இப்போ அவ்வளவா இல்லீங்க" என்றாள். "போன மாசம்தான் ஜாஸ்தியா இருந்தது. இப்போ பரவாயில்ல."

"நிஜமா?"

"நிஜமா."

அவர் மூச்சை விட்டார். எவ்வளவு சீக்கிரம் நம்பினார் என்று பார்த்தால் யாருக்கும் ஆச்சரியமாக இருக்கும். கைகள் கீழே இறங்கின. தாடை தளர்ந்தது. அவ்வளவுதானே, நான் பயந்தே போயிட்டேன் என்று சொல்லி எழுந்து, ஸ்டூலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டார். அவள் போடுங்கள் என்றாள். அவர் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. அவர் திரும்பி வருவதற்குள் எழுந்து நின்றுவிட வேண்டும். அவள் நாற்காலிக் கையை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தாள்.